மூன்றைத் தாண்டாத வலி

அன்புள்ள அரை மார்க்குக்கு,

நான் நலம், நீயும் நலம்தானே என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். நீ நலமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அப்படி எழுதினால் நானும் உன்னைப் போலப் பொய் சொன்னவன் ஆகிவிடுவேன். நேராக விஷயத்துக்கு வரலாம் என்று பார்த்தால், இந்த வயதில் எனக்கு எதற்கும் நேராக வரத் தெரியவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "அங்க மழையா?" என்கிறாய். ஆமாம் என்றால், "எவ்ளோ மழை?" என்கிறாய். அடுத்து காற்றுக்கு வருகிறாய். போன தடவை வானிலை அறிக்கை முடிந்ததும் வைத்தே விட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முதுகுக்கு ஒரு தலையணையைக் கொடுத்துக்கொண்டு முழுவதையும் படி.

என் கதை பெரிதாக ஒன்றுமில்லை. வலது கண் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று, இந்த வீட்டுச் சுவர் இவ்வளவு அழுக்கா என்று மகளைக் கேட்டுவிட்டேன். அதிலிருந்து மாப்பிள்ளை என்னோடு அளந்துதான் பேசுகிறார். கொஞ்ச நாளைக்குப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் நானே வந்து நின்றிருப்பேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அதற்காக மார்க் குறைக்காதே.

பேத்தி நேற்று ஒன்று சொன்னாள். அவர்கள் பரீட்சைத் தாளை இப்போது கம்ப்யூட்டரே திருத்திவிடுகிறதாம். அப்படியானால் வாத்தியார்கள் யாரோடு சண்டை போடுவார்கள் என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு முழுக்க நம் ஹால் ஞாபகமாகவே இருந்தது.

கோடையில் பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிக் கிடக்கும், நம்மை மட்டும் விடைத்தாள் திருத்தக் கூப்பிட்டுவிடுவார்கள். பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, மேஜைக்கு இத்தனை பேர் என்று உட்கார வைப்பார்கள். மேலே சுற்றுகிற ஃபேன் காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் கொடுக்கும். தாள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு கல் பொறுக்கி வருவோம். கட்டின் நூலை அவிழ்த்ததும் ஒரு வாசனை வருமே, மையும் தூசியும் பிள்ளைகளின் உள்ளங்கை வியர்வையும் கலந்த வாசனை, அதை நான் பிறகு எங்குமே முகர்ந்ததில்லை. அந்த வாசனைக்காக இன்னொரு தடவை அந்த வேகாத வெயிலில் போய் உட்காரலாம் போல இருக்கிறது.

முதல் வருஷமே நாம் முட்டிக்கொண்டோம். நான் முதன்மைத் தேர்வாளர். நீங்கள் திருத்தியதை மறுபடி பார்ப்பது என் வேலை. யாரோ ஒரு பிள்ளை கணக்கை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிக் கழித்தலில் கோட்டை விட்டிருந்தது. நான் அரை மார்க் ஏற்றிவிட்டேன். நீ தாளைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்து, "இந்த அரை மார்க் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாய். சாப்பாட்டு நேரம் போய், சாயங்காலமும் ஆகிவிட்டது, நீ விட்டபாடில்லை. ஹால் முழுக்க வேலையைப் போட்டுவிட்டு நம்மையே பார்த்தது. அன்றைக்குத்தான் உனக்கு அரை மார்க் என்றும் எனக்கு வள்ளல் என்றும் பேர் வைத்தார்கள். கலைந்து போகும்போது வாசல் டீக்கடையில் எனக்கும் சேர்த்து நீயே டீ சொன்னாய். கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்தப் புள்ள வழி நல்லாத்தான் போட்டிருந்துச்சு" என்றாய். நமக்குள் சமாதானம் ஆனது அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எத்தனை கோடை! லாட்ஜில் ஒரே அறை, இரண்டு கட்டில், ஜன்னல் கம்பியில் காயும் உன் சட்டை. ஞாயிற்றுக்கிழமை மேட்னி பார்த்துவிட்டுக் கடைத்தெரு நெடுக நடந்து வருவோம், நீ படத்துக்கும் மார்க் போடுவாய். பத்துக்கு நாலைத் தாண்டி எந்தப் படமும் போனதில்லை. பிள்ளைகள் தாளில் எழுதியிருப்பதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டுவாய். "ஐயா, பாஸ் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் என் படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். நீ பக்கத்தைப் புரட்டி, "இரக்கமெல்லாம் வீட்டுல வெச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவளைப் பெயிலாக்கினாய். அன்றைக்குச் சாயங்காலம் நடக்கும்போது, "அந்தப் பொண்ணு என்ன ஆகுமோ" என்று நீயாகவே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாய். உன்னை எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது அப்போதுதான்.

சரி, சுற்றியது போதும்.

நோய் புராஸ்டேட்டிலிருந்து எலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்தபோது நீ எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஸ்கேன் படத்தில் முதுகெலும்பு நெடுகக் கரும்புள்ளி, "நான் வாழ்நாளில் போட்ட முட்டையெல்லாம் மொத்தமாக என்னிடமே திரும்பி வந்துவிட்டது" என்று எழுதியிருந்தாய். நான் சிரித்தேன், அப்புறம் அழுதேன். அந்தக் கடிதத்திலேயே புது மருந்து ஒன்றின் ஆய்வில் சேர்ந்ததையும் சொல்லியிருந்தாய். மாதம் ஒரு ஊசி. மருந்து நேராக எலும்புக்குப் போய் அங்கேயே கதிர்வீசி நோயைச் சுடும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது, போடுகிறவருக்கும் தெரியாது. "நம்ம விடைத்தாள் மாதிரிதான், பேரைக் கிழித்துவிட்டு வெறும் எண் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இவ்வளவு ஒழுங்கை நான் எதிர்பார்க்கவில்லை" என்று என்னவோ பரிசு வாங்கியவன் மாதிரி எழுதியிருந்தாய்.

போன வாரம் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, போன் பண்ணினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ குளிக்கப் போன நேரமாம். இப்போதெல்லாம் முக்காலி போட்டு உட்கார்ந்து குளிக்கிறாயாமே, அதனால் பேச நிறைய நேரம் கிடைத்தது என்றாள். "கட்டில்ல படுக்கறதே இல்லண்ணா, ஈஸி சேர்லயே சாஞ்சு கெடக்கார். திரும்பும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. கூடத்துலேர்ந்து சமையல்கட்டுக்கு வரச் செவுத்தைப் பிடிச்சுக்கிறார். ஆஸ்பத்திரில அந்த நர்ஸ் பொண்ணு பத்துக்கு எவ்ளோ வலின்னு கேட்டா மூணுங்கறார். போன தடவையும் மூணு, அதுக்கு முந்தியும் மூணு. நான் வாயைத் திறந்தா முறைக்கிறார்" என்றாள். அப்புறம் குளியலறைக் கதவுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், பால்காரரிடம் பேசுவது போல ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கஞ்சன், வலிக்குக்கூட மூன்றுக்கு மேல் போட மாட்டேன் என்கிறான் என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஒரு கட்டு முழுக்க ஒரே மார்க் விழுந்திருந்தால் நான் என்ன செய்வேன்? திருத்தியவரைக் கூப்பிட்டு அனுப்புவேன். ஒன்று, அவர் தாளைப் படிக்கவே இல்லை. இல்லையென்றால் யாரையோ காப்பாற்றுகிறார். உன் வலியை நீ படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதனால் எனக்குத் தெரிந்துபோனது. நீ கஞ்சத்தனம் பண்ணவில்லை. பெண்பிள்ளை அழுது எழுதியும் போடாத கருணை மதிப்பெண்ணை இந்த மருந்துக்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

அந்த மருந்து தேறுகிறதா என்று பார்க்கத்தானே உன்னைக் கேட்கிறார்கள்? நீ பொய் மார்க் போட்டால் நாளைக்கு எத்தனை பேர் அதை நம்புவார்கள்? அதைக்கூட விடு. எனக்கு ஊர் உலகத்தைப் பற்றிக் கவலை இல்லை, உன்னைப் பற்றித்தான். முதுகெலும்பில் இருப்பது நரம்பை அழுத்தினால் என்ன ஆகும் என்று என் கண் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அது தன் துறை இல்லை என்று சொன்னவர், நீ சுவரைப் பிடித்து நடப்பதைக் கேட்டதும் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க, கால் போயிட்டா திரும்ப வராது" என்றார். அதனால்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

உன் மகன் பரீட்சை எழுதிய வருஷம் விடைத்தாள் கட்டு ஒன்றில் அவன் கையெழுத்தைப் பார்த்துவிட்டாய். பேனாவை மூடிவிட்டுக் கட்டை அப்படியே என் மேஜைக்குக் கொண்டுவந்தாய். "இதுல என் பையன் இருக்கான். என்னால ஒழுங்கா திருத்த முடியாது, வேற ஆளுக்குக் குடு" என்றாய். எந்தத் தாள் என்றுகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போதும் உன்னால் ஒழுங்காகத் திருத்த முடியவில்லை. தங்கச்சியிடம் கொடுத்துவிடு. இந்த வாரம் ஊசிக்குப் போனதும், அவர்கள் கேட்கும்போது நீ பேசாமல் இரு, அவள் சொல்லட்டும்.

நான் உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். எனக்குச் சொந்தபந்தம் நிறைய இருக்கிறது, நாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுக்க நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். கால் நடக்கட்டும், முதுகு நிமிரட்டும், நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

என்றும் உன் மேஜைக்காரன்,
வள்ளல்

•

அன்புள்ள வள்ளலுக்கு,

கடிதம் வந்தது. எழுத்து கோணல்தான், இருந்தாலும் படிக்க முடிந்ததால் மார்க் குறைக்கவில்லை. படித்துவிட்டு மேஜைமேல் வைத்தேன். உன் தங்கச்சி எடுத்துப் படித்திருக்கிறாள். படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அன்றைக்கு டீயில் இரண்டு தரம் சர்க்கரை போட்டுவிட்டாள், அதிலிருந்துதான் தெரிந்தது.

நீ முதன்மைத் தேர்வாளராக இருந்தபோதும் தப்பைப் பாதிதான் கண்டுபிடிப்பாய். இப்போதும் அப்படித்தான். நான் மருந்துக்காகப் பொய் சொன்னேன் என்பது சரி. முழுக்க மருந்துக்காக இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்து நாற்காலி ஒரு பஸ் டிரைவருக்கு. ரிட்டையர் ஆனவர், எனக்கு வந்ததே அவருக்கும். நடுவில் ஒரு திரைச்சீலைதான், ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்கும். முதல் ஊசிக்குப் பிறகு எனக்கு நிஜமாகவே வலி குறைந்தது. மூன்று என்று சொன்னேன், அது உண்மைதான். அவர் திரையை விலக்கி, "வாத்தியாரே, உங்களுக்கு மருந்து கேக்குதுன்னா எனக்கும் கேக்கும்" என்றார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அடுத்த மாதம் எனக்கு வலி ஏறிவிட்டது. நர்ஸ் கேட்டபோது திரைக்கு அந்தப் பக்கம் அவர் செருமுவது கேட்டது. எனக்கு வேறு எண் வாயில் வரவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றுவதற்குத்தான் தைரியம் வேண்டியிருக்கிறது.

நீ சொன்னபடியே செய்து பார்த்தேன். நர்ஸ் வந்து, கடந்த ஒரு நாளில் அதிகமாக வலித்தபோது பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். "அவ சொல்லட்டும்" என்று உன் தங்கச்சியைக் காட்டினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இல்லைங்கய்யா, உங்க வலியை நீங்கதான் சொல்லணும், அவங்க சொன்னா நான் எழுத முடியாது" என்றாள். நியாயம்தானே. உன் யோசனை செல்லுபடியாகவில்லை. நான் உன் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த பையின் காதை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அப்படி ஒரு பயத்தில் நான் பார்த்ததில்லை. எட்டு என்று சொன்னேன். அவள் பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டிரைவர் குரல் வந்தது. "என்னுதையும் ஏழுன்னு மாத்திக்கோம்மா. வாத்தியாருக்கு மூணுன்னா எனக்கு மட்டும் எப்படி அதிகமா இருக்கும்னு நானும் மூணுன்னே சொல்லிட்டிருந்தேன்" என்றார். வள்ளல், எத்தனை வருஷம் காப்பி அடித்த பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். என் பொய்யை ஒரு மனிதர் பார்த்து எழுதியிருக்கிறார், அதுவும் எனக்குத் தெரியாமல். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் முற்றிவிடவில்லை. வலிக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஊசியும் தொடர்கிறது. என்மேல் அவருக்குத் துளி வருத்தம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காலைப் பற்றிக் கேட்டாள். இடது பாதம் மரத்துப்போவதைச் சொன்னேன். டாக்டரம்மா ஓடி வந்தார். அன்றைக்கே ஸ்கேன், அன்றைக்கே நரம்பு வீக்கத்துக்கு ஊசி, மறுநாளே கதிர்வீச்சு ஆரம்பம். உன் கண் டாக்டர் சொன்னது அப்படியே சரி. இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் நான் படுத்த படுக்கைதான். கால் இப்போதைக்குத் தப்பித்தது. பாதத்தில் உணர்வு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. உன் தங்கச்சி பிடித்துக்கொள்ள வராந்தாவில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடக்கிறேன். வலி நேற்று ஐந்து. நிஜமான ஐந்து.

ஆய்வு ஊசியை எனக்கு நிறுத்திவிட்டார்கள். உங்கள் ஆய்வை நான் கெடுத்துவிட்டேனா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவருக்கு வயது என் மகனைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் என்னைத் திட்டுவதற்கு முழு உரிமையும் இருந்தது, திட்டவும் செய்தார். பிறகு, "இனிமே சொல்றதை நிஜமா சொல்லுங்க சார், நாங்க உங்களை விட்டுட மாட்டோம். மருந்து கேக்காம போனவங்க கணக்கும் எங்களுக்கு வேணும்" என்றார். ஊசி இல்லாவிட்டாலும் மாதாமாதம் போன் பண்ணிக் கேட்பார்களாம். கேட்டால் மழையைப் பற்றிப் பேச மாட்டேன்.

நிஜ மருந்தே பாதியில் என்னைக் கைவிட்டதா, அல்லது எனக்குப் போனதே உப்புத் தண்ணீரா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டார்கள். எல்லோருடைய கணக்கும் முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள், அதற்கு வருஷக்கணக்கில் ஆகும். நான் டாக்டரம்மாவிடம் உன் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். ரிசல்ட் வந்ததும் உனக்கு எழுதுவார். நீ அதை உன் தங்கச்சிக்குப் புரிகிற மாதிரி சொல்லவேண்டும். டிரைவர் இருந்தால் அவருக்கும் சொல்லவேண்டும். தேறவில்லை என்று வந்தால் தேறவில்லை என்றே சொல். அவள் அழுவாள் என்பதற்காக எதையும் ஏற்றிச் சொல்லாதே. அவளைத் தனியாக அழவும் விடாதே, கூட உட்கார்ந்திரு.

அதெல்லாம் பிற்பாடு. எனக்கும் பயமாக இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கு என்ன. உன் கண் டாக்டர் சரி என்று சொன்ன அன்றைக்கே டிக்கெட் எடு. இதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே, வா.

உன்னை எதிர்பார்த்தபடி,
அரை மார்க்